மாமியார் சுமக்கும் சடங்கு

என் நல்ல கண் மேல் சத்தியம் தம்பி. ஆபரேசன் செய்த கண் மேல் சத்தியம் செய்தால் செல்லாது என்பீர்கள், அதனால்தான் நல்ல கண்ணைச் சொல்கிறேன். இனிமேல் என் வாயிலிருந்து வருவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்தக் கண்ணும் அவிந்துபோகட்டும். உரக்கவே சொல்கிறேன், எதிரே கடையில் இருப்பவனுக்கும் கேட்கட்டும். சிரிக்கிறான் பாருங்கள். சிரிக்கட்டும். சத்தியத்தைத்தான் உரக்கச் செய்ய வேண்டும், மற்றதை மெதுவாகத்தான் சொல்ல முடியும். இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள்.

மேல் ஊர்களுக்குப் போகிற மினிபஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். வந்தாலும் நீங்கள் அதில் ஏற வேண்டாம். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிற கிழவன் ஒருவன் வழிமறிக்கிறானே என்று பார்க்கிறீர்கள். நீங்கள் இறங்கினதும் கடையில் என்ன கேட்டீர்கள்? ‘இங்க கல்யாணத்துல மாமியாரைத் தூக்கிட்டு ஓடையத் தாண்டுவாங்களாமே, அதப் பத்தி யாரைக் கேக்கலாம்’ என்றுதானே? கடைக்காரன் என்னைக் கை காட்டினான். சரியான ஆளைத்தான் காட்டினான். இனி வேறு யாரிடமும் கேட்காதீர்கள். மேலே இருக்கிற எங்கள் ஆட்களிடம் போய்க் கேட்டால் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பார்கள். நீங்கள் அதை நோட்டில் எழுதுவீர்கள், பிறகு புத்தகம் போடுவீர்கள். அதோடு ஒரு பெண்ணின் டாக்டர் படிப்பு போய்விடும்.

அந்தப் பெண் செவ்வந்தி. என்னோடு கூடப் பிறந்தவனின் பேத்தி. அவள் அப்பன் மாதையன், குவாரியில் ஜல்லி உடைக்கிறவன். எங்கள் சாதிப் பெயர் உங்கள் நோட்டிலேயே இருக்கும், அதை நான் வாயால் சொல்லப்போவதில்லை.

செவ்வந்தி கீழே கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் படித்தாள். நீட் பரீட்சை எழுதினாள். முதல் தடவை மார்க் போதவில்லை. ஒரு வருசம் வீட்டில் உட்கார்ந்து, நிர்மலா டீச்சர் கொடுத்த பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு, காட்டுப் பன்றி விரட்டுகிற தகர டப்பாச் சத்தத்துக்கு நடுவே படித்து, இரண்டாவது தடவை எழுதினாள். ரிசல்ட் வந்த அன்று டீச்சரே ஸ்கூட்டரில் வந்து, ‘எஸ்.டி. கோட்டாவுல இவளுக்கு சீட்டு நிச்சயம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நூறு சீட்டில் ஒரு சீட்டு. நூற்றில் ஒன்று தம்பி. இத்தனை மலையிலும் இருக்கிற அத்தனை சாதிப் பிள்ளைகளும் அந்த ஒன்றுக்குள்தான் நுழைய வேண்டும். நுழைகிற அளவுக்கு அவள் மார்க் வாங்கிவிட்டாள். ஆனால் சாதிச் சான்று வேண்டும். அது இல்லாவிட்டால் பொதுப் பிரிவில் போய் நிற்க வேண்டியதுதான். அங்கே அவள் மார்க்குக்கு வரிசையின் வால்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

சான்று இல்லை. மாதையனிடம் இல்லை, அவன் அப்பனிடமும் இருந்ததில்லை. ஜல்லி உடைக்கிறவனிடம் எந்த முதலாளி சாதிச் சான்று கேட்டான்? ஆனால் மகளுக்காக அவன் சும்மா இருக்கவில்லை. அவள் ஏழாம் வகுப்பு போனதிலிருந்து வருசா வருசம் மனுப் போட்டான். விசாரணையில் இருக்கிறது, விசாரணையில் இருக்கிறது என்று ஏழு வருசம் சொன்னார்கள். ஏழு வருசம் விசாரிக்க நாங்கள் என்ன கொலையா செய்தோம்? கொலை கேசுகூட அதற்குள் முடிந்து, ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வந்திருப்பான். மார்க் வந்த பிறகு டீச்சர் போய்ச் சண்டை போட்டுத்தான், சான்று கொடுக்கிற ஆர்.டி.ஓ ஆபீசில் கூப்பிட்டார்கள். கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்க அப்போது இருபத்திரண்டு நாள் பாக்கி.

மாதையனும் அவன் பெண்டாட்டி பொன்னியும் செவ்வந்தியும் போனார்கள். நான் போகவில்லை. அங்கே என்ன நடந்தது என்று பொன்னி சொன்னதைத்தான் சொல்கிறேன்.

‘வேட்டையாடத் தெரியுமா?’ என்று கேட்டிருக்கிறார் ஆர்.டி.ஓ.

‘இல்லீங்க சார். வேட்டைக்குப் போனா பாரஸ்ட்காரங்க பிடிச்சிட்டுப் போயிடுவாங்க.’

‘தேன் எடுப்பியா?’

‘குவாரி வேலைங்க சார்.’

‘பேண்ட் போட்டிருக்க. வீட்டுல டிவி இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. உன்னப் பாத்தா மலைசாதி மாதிரியே இல்லையேப்பா.’

எப்படி இருக்கிறது பாருங்கள். வேட்டையாடினால் பாரஸ்ட்காரன் ஜெயிலில் போடுவான், வேட்டையாடாவிட்டால் ஆர்.டி.ஓ சாதியே இல்லை என்பான். கீழே இருக்கிற மற்ற சாதிக்காரன் மகனிடம் யாராவது இப்படிக் கேட்கிறார்களா? உன் தாத்தன் செய்த தொழிலை இங்கே செய்து காட்டு, அப்புறம்தான் சீட்டு என்கிறார்களா? அந்த ஆர்.டி.ஓவே பேண்ட்டுதானே போட்டிருந்தான்? அவன் தாத்தன் போட்டானா? இதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. நான் போயிருந்தால் கேட்டிருப்பேன்.

அப்புறம் அவர் மேசையிலிருந்து ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸை எடுத்தார். எடுத்து, ‘உன் கல்யாணத்துல மாமியார முதுகுல சுமந்துக்கிட்டு ஓடையத் தாண்டினியா?’ என்றார்.

மாதையன் ஆடிப்போய்விட்டான். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். எங்களில் மருமகன் மாமியாருக்கு முன்னால் நிற்கவே மாட்டான். அவள் அந்தப் பக்கம் வந்தால் இவன் பாதையை விட்டுக் கீழே இறங்கி நிற்பான். நேருக்கு நேர் பேச்சுக் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சொல்வார்கள், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். அது பயம் இல்லை, மரியாதை. பெண்ணைக் கொடுத்தவளுக்குச் செய்கிற மரியாதை. மாதையனுக்குக் கல்யாணமாகி இருபத்தொரு வருசம். மாமியார் வெள்ளச்சி பக்கத்துக் குடிசையில்தான் இருந்தாள். ஒரு நாள், ஒரு சொல், அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது கிடையாது. அவனிடம் போய், மாமியாரை முதுகில் ஏற்றினாயா என்றால்?

‘அய்யய்யோ, அதெல்லாம் பெரிய தப்புங்க சார்’ என்றிருக்கிறான்.

ஆர்.டி.ஓ படித்துக் காட்டினார். ‘மணமகன் தன் மாமியாரை முதுகில் சுமந்து முழங்கால் அளவு ஓடையை மூன்று முறை கடப்பான். இச்சடங்கு நடைபெறாத திருமணம் இவர்களிடையே செல்லாது.’ படித்துவிட்டு நிமிர்ந்து, ‘அப்போ உன் கல்யாணமே செல்லாதேப்பா. இந்தப் பொண்ணு யாரு?’ என்றார்.

ஆபீசில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். செவ்வந்தி பக்கத்தில்தான் நிற்கிறாள். பத்தொன்பது வயதுப் பெண், கையில் மார்க் ஷீட்டோடு.

அதோடு விடவில்லை. அதே புத்தகத்தில் எங்களுக்குக் கத்தரிக்காய் குலதெய்வம், வாயில் வைக்க மாட்டோம் என்று இருக்கிறதாம். மறுநாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து சட்டி மூடியைத் திறந்து பார்த்தார். கத்தரிக்காய்க் குழம்பு. மனு தள்ளுபடி. சமூகத்தின் முக்கிய வழக்கங்களை மனுதாரர் அறிந்திருக்கவில்லை என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

இனி அந்தப் புத்தகம். நீங்களும் அதைப் படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்? நூற்றுப் பதினெட்டாம் பக்கம். ஆமாம், எனக்குப் பக்கம் தெரியும். அதைச் சொன்னது நான்தான்.

அப்படி முறைக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள். நாற்பது வருசம் இருக்கும். வைத்தீஸ்வரன் என்று ஒரு புரொபசர், டேப் ரிக்கார்டரோடு வந்து பள்ளிக்கூடக் கட்டிடத்தில் பதினொரு நாள் தங்கினார். நான் அப்போது முப்பத்தாறு வயது ஆள், பேச்சில் கெட்டி, என்னைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார். முதல் மூன்று நாள் உள்ளதை உள்ளபடி சொன்னேன் தம்பி. மருமகன் மாமியாருக்கு முன்னால் நிற்க மாட்டான் என்று சொன்னேன். ஆட்டுக்குட்டியைப் பார்த்துப் பேசுவதைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ‘இதெல்லாம் எல்லா ஊர்லயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கறதுதான் சடையா. வேற ஏதாவது விசேஷமா இல்லையா?’ என்றார். மறுநாளும் அதையே கேட்டார். விசேஷம், விசேஷம். எங்கள் மரியாதை அவருக்கு விசேஷமாக இல்லை.

ஐந்தாம் நாள் என் மாமியார் எதிர் வீட்டு வாசலில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கனத்த மனுசி. அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சொன்னேன். புரொபசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை தடவை சுமப்பீங்க என்றார். மூன்று என்றேன். ஆழம் எவ்வளவு என்றார். முழங்கால் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் வேக வேகமாக எழுதினார், அவ்வளவு சந்தோசம் அவருக்கு. கத்தரிக்காய்? அது வேறு கதை. ஐந்து நாளாக அவருடைய சமையல்காரன் எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பே ஊற்றிக்கொண்டிருந்தான், உள்ளே கோழி மணக்கிறது. கத்தரிக்காய் எங்கள் குலதெய்வம் சார் என்றேன். அன்றிலிருந்து கோழி.

நான் சொன்னேன், சரி. எழுதச் சொன்னேனா? படித்த மனுசன், இன்னும் நாலு பேரிடம் கேட்க வேண்டாமா? எங்கள் வழக்கத்துக்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்கிறானே என்று மூன்றாம் நாள் எழுதினதைப் புரட்டிப் பார்க்க வேண்டாமா? ஒரு கரடிக்கு முன்னங்காலில் சுளுக்கு விழுந்து, நான் விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டேன் என்றும் அவரிடம் சொன்னேன். அது நிஜமாக நடந்தது. அதை எழுதவில்லை. பொய்யை எல்லாம் எழுதினவர் உண்மையை விட்டுவிட்டார். இப்படிப்பட்ட ஆளை நம்பி ஒரு சர்க்கார் நடக்கிறது, அதை நம்பி ஒரு பெண்ணின் வயிற்றில் அடிக்கிறார்கள். கோபம் வருமா வராதா?

செவ்வந்தி கெட்டிக்காரி. டீச்சர் மூலமாக அந்தப் புத்தகத்தை வரவழைத்து முழுசாகப் படித்திருக்கிறாள். நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

‘பெரிய தாத்தா, இந்த சடையன் நீங்கதானே?’

‘இந்தப் பக்கம் எத்தனையோ சடையன்.’

‘தகவல் தந்தவர் சடையன், வயது முப்பத்தாறு, இடது காது மடல் பாதி இல்லாதவர்னு போட்டிருக்கு.’

காதைக் கையால் மூடிக்கொள்ள முடியுமா? விளையாட்டுக்குச் சொன்னது, அந்த ஆள் எழுதிவிட்டான் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

‘அதையே வந்து ஆர்.டி.ஓ கிட்டச் சொல்லுங்க. விளையாட்டுக்குச் சொன்னேன், அப்படி ஒரு வழக்கம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அத வெச்சு மறுபடியும் மனுப் போடலாம்னு டீச்சர் சொல்றாங்க. இன்னும் பன்னெண்டு நாள்தான் தாத்தா இருக்கு.’

‘இதென்ன பெரிய விசயம், நாளைக்கே போவோம்’ என்றேன். நிஜமாகவே அந்த எண்ணத்தோடுதான் போனேன். சத்தியம் செய்திருக்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

ஆபீசில் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு கூப்பிட்டார்கள். செவ்வந்தி அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டி, ‘சார், இதுல இருக்கற சடையன் இவருதான்’ என்றாள். ஆர்.டி.ஓ என் காதைப் பார்த்தார். ஜெராக்ஸைப் பார்த்தார். எழுந்து நின்றார் தம்பி. அந்த மனுசன் எனக்காக எழுந்து நின்றார்.

‘நீங்கதானா அது? இன்னும் இருக்கீங்களா? உக்காருங்க பெரியவரே.’

அந்த ஆபீசில் எங்கள் ஆள் எவனும் உட்கார்ந்ததில்லை. மாதையனை நீ, வா, போ என்று பேசின வாய் என்னைப் பெரியவரே என்கிறது. பியூனைக் கூப்பிட்டு டீ சொன்னார். பிளாஸ்டிக் கப் இல்லை, கீழே தட்டு வைத்த பீங்கான் கப். பக்கத்து அறையிலிருந்த இரண்டு பேரை வரச் சொல்லி, ‘இவங்க மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் நமக்கு நாலு விசயம் தெரியுது’ என்று காட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, ‘அந்தச் சடங்கு ஞாபகம் இருக்கா? உங்க வாயால சொல்லுங்க கேப்போம்’ என்றார்.

செவ்வந்தி எனக்குப் பின்னால் நிற்கிறாள். நான் டீயைக் குடித்தேன். வாயைத் திறந்தேன்.

‘புத்தகத்துல ஒண்ணு விட்டுப்போச்சுங்க அய்யா. மூணாவது தடவ தாண்டும்போது மாமியார் தலையில முறம் வெச்சுக்கணும்’ என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார்.

மாதையன் கல்யாணம் நடந்த வருசம் ஓடையில் தண்ணீர் இல்லை, அதனால் சடங்கு நின்றுபோயிற்று, கல்யாணம் பாதியில் நிற்கிறது, தண்ணீர் வருகிற வருசம் முடித்துவிட வேண்டும் என்று வெகுநாளாகப் பேச்சு நடக்கிறது என்றேன். மாமியார் பேச்சை மருமகன் வெளியாளிடம் எடுக்கக் கூடாது, அதனால்தான் அன்றைக்கு அவன் தெரியாது என்று சொன்னான் என்றேன். கத்தரிக்காய்க்கும் சொன்னேன், வெள்ளைக் கத்தரிக்காய்தான் தெய்வம், ஊதா நிறம் சாப்பிடலாம் என்று. எல்லாவற்றுக்கும் கணக்காகப் பதில் இருந்தது என்னிடம். அவர் எழுதி முடித்துவிட்டு, ‘அப்போ ஒண்ணு பண்ணுங்க. சடங்க முடிச்சுடுங்க. நான் நேர்ல வந்து பாக்கறேன். பாத்துட்டேன்னா கையெழுத்துப் போடறதுல எனக்கென்ன கஷ்டம்?’ என்றார்.

வாங்கிவிட்டேன் பாருங்கள். ஏழு வருசம் மனுப் போட்டு வாங்க முடியாததை ஒரு டீ நேரத்தில் வாங்கிவிட்டேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைக்குப் பொய் சொன்னவன் இன்றைக்கு மட்டும் உண்மையா சொல்லுவான் என்று விரட்டியிருப்பார்கள். அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். டீ ஆறுவதற்குள் அத்தனையும் யோசித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் செவ்வந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்று நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னால் மாதையன் அரிவாளைத் தேடுகிறான். ‘உம்ம வாயில மண்ணப் போட. செத்தாலும் அதச் செய்ய மாட்டேன்’ என்றான். பொன்னி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். செவ்வந்தி, ‘யாரும் எதுவும் செய்ய வேணாம். எனக்கு டாக்டர் சீட்டு வேணாம், நான் நர்சிங் போறேன்’ என்றாள். நான் எடுத்துச் சொன்னேன். பத்து நிமிச வேலை, கண்ணை மூடிக்கொண்டால் முடிந்துவிடும் என்று. ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அப்போது பக்கத்துக் குடிசையிலிருந்து வெள்ளச்சியின் குரல் வந்தது. தட்டி மறைவிலிருந்துதான் பேசினாள். ‘பொன்னி, நான் ஏறிக்கறேன்னு அவருகிட்டச் சொல்லு.’

மாதையன் இந்தப் பக்கம் நிற்கிறான், இரண்டு எட்டு தூரம். பொன்னி அவனைப் பார்த்து, ‘ஏறிக்கறாங்களாம்’ என்றாள். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஐந்தாம் நாள் வைத்தோம். ஓடை காய்ந்து கிடந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் நல்லவர், கிணற்று மோட்டாரை விடியற்காலையிலிருந்து ஓட விட்டார். முழங்கால் அளவு இல்லை, கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் நின்றது. ஆர்.டி.ஓ ஜீப்பில் வந்தார், போட்டோகிராபரோடு. ஆபீசில் இருந்து இரண்டு பேர் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கடலை உரித்துத் தின்றுகொண்டு கரையில் உட்கார்ந்தார்கள்.

வெள்ளச்சி சேலைத் தலைப்பை முகம் முழுக்க இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். மாதையன் ஓடையில் இறங்கி முதுகைக் காட்டிக் குனிந்தான். இவள் ஏறினாள். அவன் ஓர் எட்டு வைத்தான், தண்ணீருக்குள் கல் வழுக்கியது. அந்த முதுகில் இருந்துகொண்டே வெள்ளச்சி கரையில் நின்ற மகளிடம், ‘மெதுவாப் போகச் சொல்லு பொன்னி’ என்றாள். அவன் காதுக்கும் அவள் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இல்லை. பொன்னி, ‘மெதுவாப் போங்க’ என்று சத்தம் போட்டாள்.

முதல் தடவை முடிந்ததும் ஆர்.டி.ஓ நிறுத்தினார். ‘மூஞ்சியில துணி இருந்தா எப்படிம்மா? பைல்ல வைக்கற போட்டோ, யாருன்னு தெரியணும்ல.’

பொன்னிதான் போய்த் தலைப்பை விலக்கினாள். வெள்ளச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போட்டோகிராபர் மாதையனைப் பார்த்து, ‘அண்ணே, கல்யாணச் சடங்குதானே, கொஞ்சம் சிரிங்க’ என்றான்.

மூன்று தடவை போய்வந்தார்கள். முடிந்தது என்று எல்லோரும் எழுந்தபோது ஆர்.டி.ஓ தன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, ‘முறம் எங்க? மூணாவது தடவ முறம் வெக்கணும்னு பெரியவர் சொன்னாரே’ என்றார். முறத்தை மறந்துவிட்டார்கள். பொன்னிக்கு அவ்வளவு பொறுப்புப் போதாது. ஆள் ஓடி முறம் கொண்டுவந்து, மறுபடி ஒரு தடவை. நாலாவது தடவை மாதையன் நின்று நின்றுதான் போனான். குவாரிக்காரன், பாறையைப் புரட்டுகிறவன், நாற்பது கிலோ தேறாத ஒரு மனுசியைத் தூக்க முடியாமல் தடுமாறினான். கரையில் அவளை இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேற்கே நடந்து போனான். அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை.

ஆர்.டி.ஓ கை தட்டினார். ‘அருமையான பண்பாடு. இதையெல்லாம் விட்டுடாதீங்க’ என்றார். இருபத்தொரு வருசம் அவர்கள் காப்பாற்றின பண்பாட்டை அந்தத் தண்ணீரிலேயே போட்டு மிதித்துவிட்டு, விட்டுவிடாதீர்கள் என்கிறார். எனக்கு ஒரு கல்லை எடுத்து மண்டையில் போடலாமா என்று இருந்தது. போடவில்லை. கையெழுத்து இன்னும் வாங்கவில்லையே.

மூன்று நாளில் சான்று வந்தது. கடைசி நாளுக்கு முதல் நாள் டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். சீட்டுக் கிடைத்தது. தெற்கே ஒரு கவர்மெண்ட் காலேஜ். இப்போது இரண்டாம் வருசம்.

வெள்ளச்சி மறு வாரமே மேல் ஊரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். பேத்தி லீவுக்கு வந்தாலும் இறங்கி வருவதில்லை. மலைக் காற்று உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்கும். மாதையன் என்னிடம் பேசுவதில்லை. குவாரித் தூசி, தொண்டை கட்டிப்போயிருக்கும். செவ்வந்திக்குப் படிப்பு அதிகம். என் போனை எடுக்க நேரம் இல்லை, அவள் காலேஜ் போனதிலிருந்தே இல்லை. பொன்னியோடு தினமும் பேசுகிறாள் என்கிறார்கள். தாயோடு பேச நேரம் ஒதுக்கித்தானே ஆக வேண்டும்?

கேளுங்கள், அதோடு நின்றதா? அந்த ஆர்.டி.ஓ மாறிப் போனார், பைல் போகவில்லை. போட்டோவோடு அங்கேயே இருக்கிறது. அடுத்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, சான்று கேட்டு வருகிற எங்கள் ஆட்களிடமெல்லாம் சடங்கு நடந்த போட்டோ எங்கே என்கிறார். இதுவரை மூன்று குடும்பம் செய்துவிட்டது. போன ஆவணியில் ஒரு மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போயிற்று. அவர்கள் பையனுக்கு விவசாயக் காலேஜில் சீட்டு. தோட்டக்காரர் இப்போது மோட்டார் போடச் சலித்துக்கொள்கிறார். எங்கள் பிள்ளை ஒன்று படிக்கப் போக வேண்டுமென்றால் எங்கள் பெண்பிள்ளை ஒருத்தி மானத்தை விட்டு முதுகில் ஏற வேண்டும். எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது? நூற்றில் ஒன்று என்று எழுதினவர்கள் இதையும் எழுதினார்களா? அந்தப் புரொபசரைத்தான் கேட்க வேண்டும். அந்த ஆர்.டி.ஓவைக் கேட்க வேண்டும்.

இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள், மேலே போய்ச் சரிபார்க்கப் போகிறேன் என்று. நாற்பது வருசம் பிந்தி வந்திருக்கிறீர்கள். இப்போது சரிபார்த்து, அது பொய் என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? எவனாவது ஒருத்தன் மனுப் போடுவான். சடங்கு பொய், ஆகவே சாதியும் பொய், சான்று பொய், சீட்டு பொய் என்பான். கமிட்டி உட்காரும். இரண்டாம் வருசம் படிக்கிற பெண்ணை வெளியே கூப்பிட்டு மறுபடி, நீ யாரு என்று கேட்பார்கள். சாதி பொய் இல்லை தம்பி. சாதி நிஜம், சடங்குதான் பொய். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆபீசரை நான் இந்த எழுபத்தாறு வயதில் பார்த்ததில்லை.

பஸ் வருகிறது பாருங்கள். உட்காருங்கள். மேலே போய்விட்டு இதே பஸ்தான் திரும்பி வரும், அதில் ஏறிக் கீழே போய்விடுங்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அவள் படிப்பு முடியட்டும், ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வரட்டும், அதற்கப்புறம் உங்கள் இஷ்டம்.

அப்போதும் யார் சொன்னது என்று மட்டும் போடாதீர்கள். பெயர் வேண்டாம், வயது வேண்டாம், காதைப் பற்றிக் கண்டிப்பாக வேண்டாம். ஆபீசுக்குப் பயந்து சொல்லவில்லை. என்னை அவர்கள் என்ன செய்துவிடுவார்கள்? அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கும்போது கேட்டாள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதை இப்போது, முன்பின் தெரியாத உங்களிடம், நீங்கள் கேட்காமலேயே ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.